கோட்டையிலிருந்து தாம்பரம்

உடை மாற்றிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும்.
பெர்னதத் இதை இரண்டு முறை சொன்னாள்,
வாயில் ஊக்கு இருக்கும்போது ஒரு தரம்,
எடுத்த பிறகு ஒரு தரம்.
மாற்றும் அறை வாசலில் தண்ணீர் லாரி நின்றது.
ரயில் ஆறு இருபதுக்கு.
அப்படியே ஓடினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலின் காக்கி,
போன மாதம் ராயபுரத்தில் தைத்தது.
தோளில் மும்மூன்று பித்தளை நட்சத்திரம்.
அதில் தப்பில்லை என்பாள்,
பதவிக்குறி உடையோடு சேர்ந்தது,
கூத்தில் ராஜாவுக்குக் கிரீடம் மாதிரி.
பதக்கம் உடம்போடு சேர்ந்தது.
வாங்கியவன் இடது மார்பில் குத்தலாம்.
அவன் போன பிறகு மகள் வலது மார்பில்,
அதுவும் நினைவு நாளில்.
நமக்கு ரெண்டு பக்கமும் வெறும் துணிதான்டா.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
மிக்ஸி ஜாருக்கும் செத்த ரிமோட்டுக்கும் நடுவே
எனக்கு ஒரு பர்மா நட்சத்திரம் கிடைத்திருந்தது.
நானூற்றைம்பது சொன்னான், முந்நூறுக்கு விட்டான்,
சாவியில்லாத பூட்டு ஒன்று இலவசம்.
போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்று
பெர்னதத் அந்தப் பக்கம் திரும்பியதும் குத்திக்கொண்டேன்.
இடது பக்கம். பைக்கு மேலே.

பூங்கா நிலையத்தில் அவன் ஏறினான்.
கறுப்பு டிரங்குப் பெட்டி,
மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எண், பெயர்,
கீழே சாய்ந்த எழுத்தில் மதுராந்தகம்.
கதவோரம் பெட்டிமேலேயே உட்கார்ந்தான்.
மூன்று நாள் ரயில் முகத்தில் இருந்தது.

என் தோளைப் பார்த்தான்.
எண்ணினான்.
எழுந்தான்.
ரப்பர் செருப்பிலேயே குதிகால் இரண்டும் ஒட்டின.
தலையில் தொப்பி இல்லை, அதனால் கை உயரவில்லை;
முறை தெரிந்தவன்.
'உக்காருங்க சார்' என்று பெட்டியைக் காட்டினான்.
பட்டாணி விற்றவர்கூட எனக்கு வழிவிட்டார்.

பாரிமுனையில் கப்பல் சரக்கு இன்சூரன்ஸில்
நனைந்த மூட்டைக்குக் கணக்கு எழுதுகிறவன் நான்.
'இது சும்மா... பழைய சண்டையை நடிச்சுக் காட்டுறோம்.'
'ஷூட்டிங்கா?'
'மாதிரி.'

கோபப்பட்டிருக்கலாம். சிரித்திருக்கலாம்.
எழுந்ததைவிட மெதுவாக
உட்கார்ந்தான்.

நுங்கம்பாக்கம் போயிற்று.
'அது யாரோடது?' விரல் என் மார்பை நோக்கி.
அதுவரை நான் அதைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.
ஊக்கு வர மறுத்தது, சட்டை கொஞ்சம் கிழிந்தது.
பின்பக்கம், பச்சைக் களிம்புக்கு அடியில்
தேய்ந்த ஆங்கில எழுத்து.
அவன் வாங்கி நகத்தால் சுரண்டி
எழுத்து எழுத்தாகக் கூட்டினான்:
சாப்பர். வேடியப்பன்.
நம்பரை மட்டும் வேகமாகப் படித்தான்,
தன் நம்பரைச் சொல்கிறவன் போல.

'எந்த ஊர்க்காரர்?'
'பல்லாவரம்' என்றேன், சந்தையை நினைத்து.
'உங்களுக்கு என்ன வேணும்?'
சைதாப்பேட்டைப் பாலம் முழுக்க
அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நின்றேன்.
முந்நூறு ரூபாய்
எந்த முறைக்குள்ளும் வரவில்லை.

கிண்டி தாண்டுவதற்குள் தோளைக் கழற்றினேன்.
அடுத்தது பரங்கிமலை,
நிஜ நட்சத்திரங்கள் ஏறுகிற இடம்.
ஆறும் டிபன் டப்பாவுக்குள் விழுந்து
எலுமிச்சை சாதத்தின் மிச்சத்தில் ஒட்டிக்கொண்டன.
பல்லாவரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை.
யாரிடம் போய்க் கேட்பது?

தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டிக்கு மாற வேண்டும் அவன்.
படிக்கட்டைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
'அண்ணே, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க.'

பிடித்தேன். நல்ல கனம்.
அவன் முன்னால் ஏற, நான் ஒரு படி கீழே,
வலது கையில் அவன் பெட்டியின் காது,
மூடிய இடது கைக்குள்
ஆறு முனையும் குத்த
வேடியப்பன்.