ஆறாவது அறை

கானாடுகாத்தானில் ஷூட்டிங்குக்கு
வீடு பிடித்துக் கொடுப்பது என் தொழில்.
ஜெனரேட்டர் தனி. தூணில் ஆணி அடித்தால் அபராதம்.

மெக்சிகோ ரெமீகியோ வந்தபோது வயது எழுபத்தொன்று,
இடது முழங்கால் மடங்காது.
எழுதியது பத்தொன்பது திரைக்கதை,
ஏழு பிறர் பெயரில் ஓடின.
இயக்கியது நான்கு. முதல் படம் ஒன்பதே நாள்.
மொழிபெயர்க்கும் பெண் சொல்லிக்கொண்டே போக
யாரோ ஒருவரின் கடன் கணக்குபோலக் கேட்டபடி
பணியாரத்தைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

பங்காளிகள் இருபத்துமூன்று பேர்.
பினாங்கிலிருந்து கையெழுத்து வந்துவிட்டது.
வளவில் ஆறாவது அறைக்கு மட்டும்
தேவகோட்டைச் சாத்தப்பன் மாட்டேனென்றார்:
"எங்கப்பச்சி கண்ணை மூடுன ரூம்பு.
லைட்டு போட விடமாட்டேன்."

கதைப்படி, மகன் தகப்பனைக் காண்பது
அந்த அறையில்தான்.

இரவெல்லாம் ரெமீகியோ முற்றத்தில் நடந்தார்,
ஒரு கால் தேய்ந்து, ஒரு கால் ஊன்றி.
விடிந்ததும் பதினொரு பக்கங்களைக் கிழித்தார்.
"வெள்ளிச் சுரங்கத்திலிருந்து
அப்பாவின் தொப்பி மட்டும்தான் வந்தது.
பத்தொன்பது கதையிலும் அவரை
உள்ளே படுக்க வைத்து எழுதினேன்.
நான் எந்த அறைக்குள்ளும் போனதில்லை."

கேமராவைப் பூட்டின் முன் வைத்தார்கள்.
நான்கு நிமிடம்.
சாவித்துவாரத்துக்குள் ஓர் எறும்பு போனது.
கட் சொல்ல மறந்துவிட்டார், அல்லது சொல்லவில்லை.

படத்தைப் போனில்தான் பார்த்தேன்.
பித்தளையில் எல்லோரும் கடுகளவு தெரிகிறோம்.
கடைசியில் நிற்பது சாத்தப்பன்,
எப்போது வந்தாரோ,
இடுப்புச் சாவியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு.

மறுவாரம் அவரே கூப்பிட்டார்:
"பூட்டும் அறையைச் சேர்ந்ததுதானே.
வாடகை?"

அனுப்பிவிட்டேன்.