பறிக்கக் கூடாத மலை

ஒகியாவில் நாத்தனார் வீட்டில் படுத்து
நாலு மணிக்கு எழும்பி
பாணும் சம்பலும் தாளில் சுற்றி
வேனில் ஏறினோம்.
யதுர்ஷிக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து.
டிலுக்‌ஷனுக்கு மேஸ் இரண்டு சோடி,
ஒன்றின் மேல் ஒன்று.
எனக்குக் கொழுந்து மலைக்குப் போகும்
அதே செருப்பு.

வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள்.
பிஸ்கட்டைக் கடதாசிப் பையில் கொட்டி
மினுக்கும் உறையை வாங்கிக்கொண்டார் ஒரு ஐயா.
போத்தலின் லேபலை உரித்தார்.
பேரில்லாத தண்ணீரோடு உள்ளே போனோம்.
பிள்ளைகளுக்கு அரை டிக்கட்.
"அரைப்பேர் போட்டுட்டாங்க" என்றார் மருதை.
எனக்கு மட்டும்தான் சிரிப்பு வந்தது.

பலகையில் மூன்று மொழி.
யதுர்ஷி தமிழை உரக்க வாசித்தாள்:
எதையும் பறிக்க வேண்டாம்.

பதினேழு வருசமாய்
பறி பறி என்றே கேட்ட காதுக்கு
அது வேறொரு பாஷை போலிருந்தது.

வெளியெல்லாம் புல்.
புல்லின் நுனியெல்லாம் உறைந்த பனி,
மா சலித்துக் கொட்டிய மாதிரி.
ஒரு மரை தலை தூக்கிப் பார்த்தது,
வாயில் புல் தொங்க,
நாங்கள் யாரென்று கேட்காமல் மறுபடி குனிந்தது.
அதற்குப் பலகை வாசிக்கத் தெரியாது.

கை சும்மா இருக்கவில்லை.
பாதை ஓரத்தில் மகரத்த மரம்,
சிவப்புப் பூவுக்குப் பக்கத்தில்
இளசாய் இரண்டு இலையும் ஒரு மொட்டும்.
என்னையறியாமல் விரல் போய்விட்டது.
"அம்மா!"
பிள்ளை அதட்டினாள், பெரிய கங்காணி மாதிரி.
கையைச் சேலைக்குள் ஒளித்து நடந்தேன்.
முதுகில் கூடை இல்லாததால்
ஏற்றத்தில் முன்னுக்குச் சாயவும்
தேவையிருக்கவில்லை,
ஆனாலும் சாய்ந்தேன்.

சின்னவன் கேள்வி கேட்டே நடந்தான்.
கல் ஏன் ஈரம், அட்டை ஏன் இல்லை,
மூத்திரம் பெய்தால் ஐயா பிடிப்பாரா.

உலக முடிவில் கம்பி வேலி.
அதற்கப்பால் வெள்ளை.
வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று
ஒன்றும் தெரியவில்லையென்று அழுதது.
நாங்கள் பாணைப் பிரித்துத் தின்றோம்.
மாசிச் சம்பலுக்கு அந்தக் குளிரில் இருந்த ருசி!

பிறகு யாரோ முந்தானையை இழுத்த மாதிரி
மூட்டம் விலகியது.

கீழே, அத்தனை கீழே,
தீப்பெட்டி அளவில் தொழிற்சாலை,
கோவில் கொடிமரம் தெரியவில்லை,
தகரம் மட்டும் மினுங்கியது.
"அந்தா நம்ம லயம்" என்றார் மருதை.
"எது?"
"மூணாவது மினுக்கம்."

பிறந்ததிலிருந்து இந்தப் பாறையை
அண்ணாந்து பார்த்திருக்கிறேன்,
பெரட்டுக்குப் போகும்போது மழை வருமா என்று.
நேராய் ஏறினால் ஒரு கூவு தூரம்,
பஸ்ஸில் சுற்றி வந்தால் ஒரு முழுப் பகல்.

டிலுக்‌ஷன் யோசித்தான்.
"உலகம் இங்க முடியுதுன்னா
நம்ம வீடு எங்கம்மா இருக்கு?"
மருதை பையைத் துழாவி
ஒரு பிஸ்கட் எடுத்து நீட்டினார்.
மூட்டம் திரும்பி வந்து
மூணாவது மினுக்கத்தை மூடியது.

நீர்வீழ்ச்சியில் இறங்கும் படிகளில்
பையன் நடக்க மாட்டேன் என்றான்.
முதுகில் ஏற்றிக்கொண்டேன்.
சேலைத் தலைப்பால் சுற்றியதும்
கூடை இருந்த இடத்தில்
சரியாய் உட்கார்ந்தான்.
கடைசி இரண்டு மைல் தூங்கியே வந்தான்,
எச்சில் கழுத்தில் வழிய.

பதினெட்டுக் கிலோ இருப்பான்.
வாசலில் ஐயா பையை மட்டும் பார்த்தார்,
குப்பை எல்லாம் திரும்பி வந்ததா என்று.
ஈரத்துக்கு இரண்டு கிலோ
யாரும் கழிக்கவில்லை.