ஐந்தாம் நாள்

எலிகள் ஐந்தாம் நாள் செத்தன.
ஏழில் ஐந்து.
மார்பைத் திறந்தால் உறைந்த இரத்தம்,
இடது கீழறையில் எள்ளளவு கிழிசல்.

கௌப்போ குறிப்பேட்டில் எழுதினான்:
மருந்து வேலை செய்தது.

உண்மைதான்.
தழும்பைத் தடுக்கும் மருந்து
தழும்பைத் தடுத்தது.
இரண்டு வருடம் அந்த ஒற்றைப் புரதத்தின் பின்னால் அலைந்தோம்,
நார் பின்னும் செல்களுக்கு அது இடும் கட்டளையை
அறுத்துவிட்டால்
காலியான இடத்தில் தசை வளரும் என்று.
தசை வளரவில்லை.
எதுவுமே வளரவில்லை.
இதயம் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது
நிமிடத்துக்கு ஐந்நூறு தடவை,
தையல் பிரிந்த துணியை
விடாமல் உதறுகிறவனைப் போல.

தொடைத் தசை அப்படியில்லை.
ஒவ்வொரு நாரின் ஓரத்திலும் ஒரு செல்
சும்மா படுத்திருக்கும், வருடக்கணக்கில்.
அடிபட்டால் எழும், பிரியும், நாரோடு நாராகும்.
வேலை முடிந்ததும் ஒன்றிரண்டு
திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.
இதயத்தில் சும்மா இருக்க எவருக்கும் இடமில்லை.
அங்கே ஒரு செல் இரண்டாக வேண்டுமென்றால்
தன் இழைகளைக் கழற்றி வைக்க வேண்டும்,
சற்று நேரம் அடிக்காமல் இருக்க வேண்டும்.
பிறந்த எலிக்குஞ்சு அதைச் செய்கிறது,
ஒரு வாரம் வரை.
பிறகு மாட்டேன் என்கிறது.
ஏன் என்று கேட்கத்தான் எனக்குச் சம்பளம்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள்.
தார்த்துவில், ஆய்வகத்தின் இரண்டாம் மாடியில்,
முப்பத்தேழு டிகிரியில், என் தட்டில்
தசை ஆடுகிறது.
தான் என்று அங்கே யாருமில்லை.

ராய்வோ என் தம்பி.
லாரியில் மரம் ஏற்றுகிறவன், ஏற்றிக்கொண்டிருந்தவன்.
போன ஆகஸ்டில் எடைமேடைக்குப் பக்கத்தில் விழுந்தான்.
எக்கோ திரையில் அவன் இதயம் முழுக்கச் சுருங்கி விரிய
நுனி மட்டும் அப்படியே நின்றது,
எல்லோரும் பாடும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும்
கடைசி வரிசைப் பையன் போல.
டாக்டர் திரையைத் திருப்பிக்கொண்டார்.
நான் பார்த்துவிட்டேன், அது என் தொழில்.
வெளியே வந்து கோட்டுப் பொத்தானைப் போட்டபடி கேட்டான்:
"உன் எலிக்குப் போடுற மருந்து எனக்கு எப்போ?"
சீக்கிரம் என்றேன்.
அது ஆகஸ்ட்.

இது பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை, பெய்ப்சி ஏரி.
காலடியில் முப்பது சென்டிமீட்டர் பனிக்கட்டி,
கறுப்பாய், கண்ணாடியாய்.
குறுக்கே ஒரு பழைய வெடிப்பு.
ஜனவரிக் காற்றில் பிளந்து மறுபடி உறைந்தது,
அந்தக் கோடு மட்டும் வெள்ளை,
மேடும் பள்ளமுமாக.
நான் நின்றுவிட்டேன்.
ராய்வோ அதன்மேல் ஏறி
பூட்ஸ் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினான்.
"பிடிக்கும் வா. பார்க்கத்தான் அசிங்கம்."

ஐந்தாம் நாளைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.
அவன் மார்புக்குள்ளும் அவசரத்தில் பின்னிய
ஒரு வெள்ளைக் கோடு உண்டு.
அதை அழிப்பதற்குத்தான் நான்
வாரம் அறுபது மணி நேரம் வேலை செய்கிறேன்.
தாண்டினேன்.

துளைபோடும் திருகைப் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு
ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினான்.
சுற்றினேன்.
தோள் எரிந்தது.
நாளைக்கு வலிக்கும், வியாழனுக்குள் சரியாகும்,
அங்கே படுத்திருப்பவர்களை எழுப்பியிருக்கிறேன்.
அவனிடம் அதைச் சொல்ல முடியுமா?

மதியத்துக்குள் நான்கு மீன்.
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து அறுத்தேன்.
குடலோடு வந்த சிவப்புப் பொட்டு
கத்தி நுனியில் துடித்தது.
என்னையறியாமல் கடிகாரத்தைப் பார்த்தேன்,
எண்ணினேன்.

"இன்னைக்கு உனக்கு லீவு" என்றான் ராய்வோ.
பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு
அவனும் குனிந்தான்.
"முப்பத்தொண்ணு" என்றான்.
நான் இருபத்தொன்பதில் இருந்தேன்.
மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.