சட்டையில்லாதது

கெலமங்கலம் பசுமைக்குடிலில்
சாமந்தி முழங்காலைத் தாண்டவில்லை.
இரண்டு மாதம் தண்ணீரைத் திட்டினார் நாகோஜி ராவ்,
பிறகு உரத்தை,
பிறகு என்னை.

பெங்களூருக்குப் போன இலைகள்
காகிதமாய்த் திரும்பின.
படித்துச் சொன்ன பெண்ணுக்கு என் மகள் வயது.
வைரஸ்கூட இல்லை, திம்மக்கா.
வைரஸுக்காவது புரதத்தில் ஒரு சட்டை உண்டு.
இது வைராய்டு. அம்மணம்.
வளையமாய் ஒரு நூல்,
மொத்தமே முந்நூற்றைம்பது சொச்சம் எழுத்து.

என் ரேஷன் கார்டில்
அதைவிட அதிகம் இருக்கும்.

காலில்லை, இறக்கையில்லை,
காற்றிலும் வராதாம்.
அப்புறம் எப்படி நாலு குடிலுக்கும் என்றேன்.
அவள் என் இடுப்பைப் பார்த்தாள்,
செருகியிருந்த கத்தியை.

டீ வருவதற்குள் இருநூறு தண்டு நறுக்குவேன்.
முந்தானையில் ஒரு துடைப்பு, அடுத்த செடி.
போன பொங்கலுக்கு
அந்த வேகத்துக்குத்தான் புடவை கொடுத்தார்கள்.

குழிவெட்டிக் கொளுத்தினோம்.
பச்சைத் தண்டு எரியாமல்
மூன்று நாள் புகைந்தது.

இப்போது செடிக்கொரு தரம்
பிளீச்சிங் தண்ணீரில் கத்தியை முக்குகிறேன்.
விரல்நுனி வெளுத்துவிட்டது.
டீ வரும்போது அறுபதுகூடத் தேறுவதில்லை.
நாகோஜி ராவ் வந்து எண்ணுகிறார்,
ஒன்றும் சொல்லாமல்
அடுத்த வரிசைக்குப் போகிறார்.