பாதி ஸ்டெர்யோஸ்

வோலோஸ் துறைமுகத்தில் என் பெட்டிக்கடை.
விடியுமுன் கொடி கட்டுவேன்.
கட்சிக்கொடி இல்லை,
துணி காயப்போடும் கொடி.
அதில் கிளிப் மாட்டித் தொங்கும் செய்தித்தாள்கள்.

அரசுக்குப் பரிந்து எழுதுவது இடப்பக்கம்,
அரசை வைது எழுதுவது வலப்பக்கம்.
ஆட்சி மாறினால்
இரண்டையும் இடம் மாற்றி மாட்டுவேன், அவ்வளவுதான்.
நடுவே கால்பந்துத் தாள்,
சண்டை வராமலிருக்க.

காசு கொடுக்காமல் தலைப்பு மட்டும் படிக்க
காலையில் பத்துப் பேராவது நிற்பார்கள்.
இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.
ஊருக்கே கழுத்துச் சுளுக்கு.

ஞாயிறன்று அமைச்சர் வந்துபோனார்.
'கரைபுரண்ட கூட்டம்' என்றது ஒன்று.
'காற்று வாங்கிய மைதானம்' என்றது மற்றொன்று.
அன்று நான் விற்ற தண்ணீர் பாட்டில்
அறுநூற்று நாற்பது.
என்னிடம் யார் கேட்டார்கள்?
'முழங்கினார்' என்றது ஒன்று, 'உளறினார்' என்றது மற்றொன்று.
பாவம், அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.
இருமல் மிட்டாய் வாங்க வந்த உதவியாளர்
பத்து காசு சில்லறையைக்கூட விடவில்லை.

திங்கட்கிழமை கடற்காற்று
கால்பந்துத் தாளைப் பிய்த்துக்கொண்டு போனது.
இரண்டு முதல் பக்கங்களும் உரசி நின்றன.
அப்போதுதான் கவனித்தேன்,
ஒரே படம்.
ஒருவரே எடுத்து
இரண்டு இடத்தில் விற்றிருக்கிறார்.

இங்கே தூக்கிய கை: உற்சாக வரவேற்பு.
அங்கே பிளந்த வாய்: வெடித்தது ஆத்திரம்.
நடுவே
கத்தரிக்கோல் போன பாதை.
சேர்த்துப் பார்த்தால்
நம்ம ஸ்டெர்யோஸ்,
வலைக்கிடங்குக் காவலாளி.

ஏழு மணிக்கு வந்தார்.
"கையும் நீங்கதான், வாயும் நீங்கதான்" என்றேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
வெகுநேரம் பார்த்தார்.
"ஏழாம் நம்பர் பஸ்.
ஊருக்குக் கடைசி பஸ்.
நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்."

"நின்றதா?"

"எங்கே நிற்கும்,
அத்தனை கூட்டத்தில்."
சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு
"அப்படியொன்றும் கூட்டமில்லை" என்றார்.

முப்பது வருடமாக வாங்கும் தாளையே
அன்றும் வாங்கினார்.
தன் கையை நாலாக மடித்து
அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்,
நேற்றிரவு ஆறு கிலோமீட்டர் நடந்த கால் என்பதால்
கொஞ்சம் நொண்டியபடி.

அவர் வாய்
என் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது
சாயங்காலம் வரை.