அடித்தல் திருத்தலுடன்

திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீசுக்கு எதிரில்,
பல்லடம் ரோட்டு ஜெராக்ஸ் கடையின்
தகரச் சாய்ப்பில் என் மேஜை.
ஒரு மனுவுக்கு நாற்பது ரூபாய்.
காகிதம் என்னுடையது, குறை உங்களுடையது.

இருபத்திரண்டு வருடம் எழுதிய கை
தானாகவே போகும்:
பெறுநர், உயர்திரு, ஐயா,
பிறகு ஒரு விரற்கடை விட்டு
‘தாங்கள் கருணை கூர்ந்து’.

ஒன்பதரைக்கு வேலாத்தாள் வந்தாள்.
பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.
சேலையெல்லாம் வெள்ளைப் பஞ்சு.
அரைநாள் சம்பளம் போச்சுங் என்றபடி உட்கார்ந்தாள்.
நாற்பத்தொரு வீடு,
பதினோரு நாளைக்கு ஒருக்காத் தண்ணி.
அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு,
அதுவும் முதல் நாலு குடம் செம்மண் நிறத்தில்.
வீதி முனையைத் தாண்டினால் புது சைட்டு.
இன்னும் யாரும் குடிவராத வீடுகளின் முன்னால்
புல் தினமும் நனைகிறதாம்.

எழுதி வாசித்துக் காட்டினேன்.
‘கருணைங்கறத அடிச்சுருங்.’
அடித்தேன்.
‘தாழ்மையுடன்?’
‘அதையுந்தானுங்.’
‘ஏழை எளிய மக்களாகிய நாங்கள்?’
கொஞ்சம் யோசித்தாள்.
‘ஏழைதானுங். ஆனா அதுக்கும் தாகத்துக்கும் என்னங்?’

எனக்குச் சுருக்கென்றது.
கேட்கிற இடத்தில் கேட்கிற மாதிரி கேட்கணும் அம்மிணி,
பள்ளம் வெட்ட, குழாய் பதிக்க, மோட்டார் ஓட்ட
யாரோ ஒருத்தர் வேர்வை, யாரோ ஒருத்தர் வரி.
எனக்குப் பாத்தியம் எனக்குப் பாத்தியம் என்று
எல்லாரும் நீட்டினால்
கொடுக்கிற கை எது என்றேன்.

‘அந்தப் பள்ளம் வெட்டுனது என்ற ஊட்டுக்காரருங்.
ரோட்டோரமா, ரெண்டு கிலோமீட்டரு.’

அட, இதை முன்னமே சொல்லக் கூடாதா!
மனுவுக்கு உயிரே இதுதானே.
பேனா மூடியைத் திறந்தேன்.
அவள் காகிதத்தின்மேல் கையை வைத்தாள்.
‘அத எழுதாதீங். அதுக்குக் கூலி வாங்கியாச்சு.
வெட்டாதவிங்களுக்குந்தானுங் தவிக்கும்.
பக்கத்தூட்டுல மூணு மாசக் கொழந்தை இருக்குதுங்,
அது எதைய வெட்டுச்சு?’

இந்த ஊர்ப்பேச்சு நான் அறிந்ததுதான்,
வையும்போதுகூட ஒரு ‘ங்’ ஒட்டாமல் விடாது.
ஆனால் மூன்று சொல்லுக்கு ஒரு ங் வைத்தவள்
காகிதத்தில் ஒரு கும்பிடும் வைக்கவிடவில்லை.

கடைசியில் மிஞ்சியது
வீடுகளின் எண்ணிக்கை, நாட்களின் எண்ணிக்கை,
அப்புறம் ‘குடிதண்ணீர்’.
அதன் பக்கத்தில், பழக்கதோஷம்,
‘வேண்டு’ வரைக்கும் எழுதிவிட்டேன்.
பேனா அங்கேயே நின்றது.
‘கிறேன்’ போடப் பார்த்த விரலை அவளும் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
‘ம்’ போட்டேன்.

அடித்தல் திருத்தல் மூன்று இடத்தில்,
வேறு தாளில் எழுதித் தரட்டுமா என்றேன்.
‘வேண்டாங். அடிச்சது தெரியட்டும்.’

வரி குறைச்சல், முப்பது கொடு என்றேன்.
நாற்பதையே வைத்தாள், நாலு பத்து ரூபாய்க் காசு.
‘தண்ணி இருக்குங்ளா?’
மேஜைக்கடியிலிருந்த பாட்டிலை நீட்டினேன்.
அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள்,
தொண்டை ஏறி இறங்கியது.
பாதிக்கு மேல் காலி.

பதினொன்றரைக்குச் சீட்டோடு வெளியே வந்து
பஸ்ஸுக்கு ஓடினாள்.
என்ன நம்பர் என்று கேட்காமல் விட்டேன்.

அடுத்தது குன்னத்தூர்க்காரர்.
சர்க்கரைக்கு ஒரு கால் எடுத்தாகிவிட்டது,
மூன்று சக்கர வண்டிக்கு நாலாவது மனு.
பெறுநர், உயர்திரு, ஐயா.
ஒரு விரற்கடை விட்டேன்.
விட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் போல.
அவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்,
‘நல்லா உருக்கமாப் போடுங்.’

போட்டேன்.