மூன்று நாளில் புளிக்கும்

கௌயா ஆற்றில் பனி உடைந்த சத்தம்
இரவு இரண்டு மணிக்குக் கேட்டது.
காலையில் வாலாட்டிக் குருவி வந்துவிட்டது.
அதன் வால் பட்டுத்தான் பனி உடைகிறது என்பார்கள் இங்கே.
தபால் நிலையத்தில் இருபத்தாறு வருடம் இருந்தவள் நான்,
எடை போடாமல் எதையும் நம்பமாட்டேன்.
இருந்தும் குருவிக்கு ஒரு வணக்கம் சொன்னேன்.

உடம்பு முழுக்க உருளைக்கிழங்கு.
ஐந்து மாதமாக உப்புக்கறி, கறுப்பு ரொட்டி,
நாலு மணிக்கே இருட்டிவிடும் சன்னலின் முன்னால்
பசிக்காமல் தின்றது, தின்றதை மறக்கத் தின்றது.
முழங்கால்
எண்ணெய் காணாத கீலைப் போல முனகுகிறது.

பூர்ச்ச மரத்தின் தெற்குப் பக்கம்,
குனிந்தால் எட்டும் உயரத்தில்
துளை போட்டேன்.
விரல் நுழையும் ஆழம் போதும்.
அதற்குமேல் போனால் அது மரத்தின் சொந்த விஷயம்.

முதலில் ஒன்றுமில்லை.
மரத்தூள் ஈரமாயிற்று.
ஒரு சொட்டு.
யோசித்து இன்னொன்று.
பிறகு யோசிப்பதை விட்டுவிட்டது.

குடித்தால் தண்ணீர்தான்.
இரண்டாம் மிடறில்
அந்தத் தண்ணீர் எப்போதோ
சர்க்கரையைத் தூரத்தில் பார்த்ததுபோல் இருக்கும்.
ரத்தம் சுத்தமாகும், முகம் தெளியும் என்று
சந்தையில் புட்டி புட்டியாக விற்கும் ஸெல்மா சொல்வாள்.
எனக்குத் தெரியாது.
வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடித்த அன்று
வெண்ணெய்ப் பக்கம் கை போகவில்லை.
அவ்வளவுதான் நான் சாட்சி சொல்ல முடியும்.

வேலியோரம் காஞ்சொறி
இப்போதுதான் நகக்கண் அளவு துளிர்த்திருக்கிறது.
கையுறை போட்டுக் கிள்ளினேன்.
கொதிநீரில் போட்டதும்
அதன் கோபமெல்லாம் அடங்கிவிட்டது.

என்னுடையது செப்டம்பரிலிருந்து கொதிக்கிறது.
பக்கத்து வீட்டு வில்னிஸ்
வேலி தாண்டிய என் ஆப்பிள் கிளையை
காயோடு வெட்டினார்.
கேட்கக்கூட இல்லை.
குளிர்காலம் முழுக்க
பாத்திரம் கழுவும்போதெல்லாம்
அவருக்கு ஒரு சொற்பொழிவு தயாரித்தேன்.
ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு திருத்தம்.
பிப்ரவரியில் அது மிக நன்றாக வந்திருந்தது.

மரத்துக்கு இதெல்லாம் தெரியுமா?
நாளுக்கு ஒரு வாளி கொடுக்கிறது.
நான் ஒருத்தி. மகள் டப்ளினில்.
குடித்தேன், தலைக்கு ஊற்றினேன்,
திராட்சை போட்டு ஆறு புட்டி அடைத்தேன்,
சூப்பில் கலந்தேன், பூனைக்கு வைத்தேன்.
பூனை என்னைப் பார்த்தது.
மூன்றாம் நாள் புளிக்கும், நுரைக்கும், நாறும்.
பூட்டி வைத்துக் கொள்ளவே முடியாத சொத்து.

தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாயிற்று.
ஒரு வீடு மீதி.
ஒரு ஜாடி மீதி.
அவர் இல்லாத நேரம் பார்த்துப்
படியில் வைத்துவிட்டு வந்தேன்,
திருடியதுபோல் வேகமாக நடந்து.

சனிக்கிழமை நீராவி அறையில்
போன கோடையில் கட்டிய இலைக்கட்டை
வெந்நீரில் ஊறவைத்தேன்.
கல்மேல் நீர் சீறியது.
தோளில், முதுகில், பாதத்தில்
மெல்லத் தட்டிக்கொண்டேன்.
அடி அல்ல அது,
தூங்குபவரை எழுப்பும் தட்டு.
பழக்கத்தில் சொற்பொழிவை ஆரம்பித்தேன்.
முதல் வாக்கியம் வந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவது எங்கே?
ஈரக் கூரையைப் பார்த்தபடி வெகுநேரம் தேடினேன்.
அது நல்ல வாக்கியம்.
இழந்ததில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

திங்கள்கிழமை
ஜாடி என் படிக்கு வந்திருந்தது.
கழுவி, கவிழ்த்து,
மூடி தனியாக.
கிளையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
கேட்பேனோ என்னவோ.

மொட்டு பச்சையானதும் சாறு கலங்கும்;
அதோடு நிறுத்திவிட வேண்டும்.
ஆப்பு செதுக்கித் துளையில் அடித்து
மெழுகு பூசினேன்.
ஆனாலும் இரண்டு நாள்
ஓரத்தில் கசிந்தபடியே இருந்தது மரம்.
துடைக்கப் போய்
பாதியில் நிறுத்தினேன்.
வரிசையாக வந்துகொண்டிருந்தன,
இந்த வருடத்தின் முதல் எறும்புகள்.